கல்லூரிக்குச் சென்ற நம் பிள்ளைகள்

ஆனி பிறந்துவிட்டால் படாளம் ரயில் நிலையத்தில் காலை வேளையில் ஒரு புதுக் கூட்டத்தைக் காண்கிறோம். தோளில் பையும் கண்ணில் சிறிது மிரட்சியுமாக நிற்கும் அந்த இளைஞரும் யுவதியரும் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தவர்கள். அவர்களை வண்டியேற்றிவிட வந்திருப்போரில் நம் அங்கத்தினர் பலர். ஒருவர் ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர். மற்றொருவர் தறியில் உட்காருகிறவர். வண்டி பாலாற்றுப் பக்கம் நகர்ந்த பிறகும் அவர்கள் உடனே வீடு திரும்புவதில்லை. தம் வீட்டில் எவரும் இதுவரை சென்றிராத இடத்துக்குத் தம் பிள்ளை செல்கிறது என்ற பெருமையும், அந்த இடம் எப்படிப்பட்டது என்று தமக்குத் தெரியாதே என்ற கவலையும் ஒன்றாகக் கலந்து அவர்களைச் சற்று நிறுத்தி வைக்கின்றன.

பெருமைக்குக் காரணம் உண்டு. காஞ்சிபுரத்தில் பச்சையப்பன் கல்லூரி 1947-இல் ஏற்பட்டது. செங்கற்பட்டில் மருத்துவக் கல்லூரி 1965-இலும், அரசு கலைக் கல்லூரி 1970-இலும் தோன்றின. அதன் பின்னர் நம் பகுதியில் எழுந்த கல்லூரிகள் பல. மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2021–22-ஆம் ஆண்டில் 18 முதல் 23 வயது வரையுள்ளோருக்கான உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47 ஆக இருந்தது; அகில இந்திய விகிதம் 28.4 தான். ஆகவே, கல்லூரியில் இடம் கிடைப்பது முன்போல் அரிய காரியமன்று. கிடைத்த இடத்தில் தளராமல் இருந்து படித்து முடிப்பதே இப்போது பெரிய காரியம். அதில் வீட்டாருக்கும் சங்கத்துக்கும் உள்ள பங்கு யாது என்பதை ஈண்டு சிந்திப்போம்.

ஒரு வீட்டில் நடந்தது

நாமறிந்த கரும்பு விவசாயி ஒருவரின் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். ஊரே மகிழ்ந்தது. தீபாவளிக்கு வந்தவன் திரும்பிச் செல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், “எனக்குப் படிப்புப் பிடிக்கவில்லை” என்ற ஒரே பதிலைச் சொன்னான். தந்தை கோபித்தார், தாய் அழுதார், அக்கம்பக்கத்தார் ‘சோம்பல்’ என்று தீர்ப்புக் கூறிவிட்டனர்.

தை மாதத்தில் கரும்பு வெட்டு நடக்கையில்தான் உண்மை வெளிப்பட்டது. கட்டுச் சுமந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தபோது தாய்மாமனிடம் அவன் மனம் திறந்தான். பள்ளியில் தமிழில் படித்தவனுக்கு அங்கு ஆங்கிலத்தில் நடந்த பாடம் விளங்கவில்லை. முதல் தேர்வில் மூன்று பாடங்களில் தவறினான். விடுதிச் சாப்பாட்டுக்கான கட்டணம் இரண்டு மாதம் பாக்கி நின்றது; பாக்கிதாரர் பட்டியலில் அவன் பெயரை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதைக் கண்ட நாளிலிருந்து அவன் சாப்பாட்டுக் கூடத்துக்கே போகவில்லை.

“என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எப்படியாவது புரட்டிக் கொடுத்திருப்பேனே, அப்பா!” என்று தந்தை கலங்கினார்.

“மோட்டார் வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை என்பது எனக்குத் தெரியாதா, அப்பா? அதனால்தான் சொல்லவில்லை” என்றான் மகன்.

தந்தை தம் கடனை மகனிடம் மறைத்ததாக எண்ணியிருந்தார். மகன் அதை அறிந்து தன் கஷ்டத்தைத் தந்தையிடம் மறைத்தான். இருவரும் அன்பினால்தான் மறைத்தனர். ஆனால் அந்த மௌனத்துக்கு ஒரு படிப்பே விலையாயிற்று. பாக்கி நின்ற தொகையோ, அந்த வீட்டார் ஒரு முறை உரம் வாங்கும் செலவுக்கு மேற்பட்டதன்று.

இது புதிய துன்பமன்று

எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்து பழகும் இடத்தில் தான் மட்டும் வேற்றாளாக நிற்பது எத்தகைய துன்பம் என்பதை நம் மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த ஒரு பெருமகனார் எழுதி வைத்துள்ளார். அவரே திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லா மக்களுக்கும் உரியன என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தவரும், லண்டன் வட்டமேஜை மகாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் அமர்ந்தவரும் அவரேயாவார்.

1939-இல் வெளியான தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவர் தம் கோயமுத்தூர்க் கல்விச்சாலை நாட்களைக் குறிப்பிடுகிறார். அங்கே ஏறத்தாழ 400 மாணாக்கர் படித்தனர். சாதிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்த காலம் அது. எவரிடமாவது நெருங்கிப் பழகினால் ஊர், குடியிருக்கும் இடம், உறவு ஆகியவற்றைக் கேட்பார்களே என்று அஞ்சி, அவர் பள்ளிக்கு வெளியே எங்கேனும் இருந்து வாசித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவாராம். வகுப்பு முடிந்ததும் பிற மாணாக்கர் தம்மை எட்டாதபடி விரைந்து வீடு சேருவாராம். மற்றப் பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாதது அவர் மனத்தை வருத்தியது.

பிற்காலத்தில் ஆட்சியாளர் முன்னே அஞ்சாமல் பேசிய ஒருவர், மாணவப் பருவத்தில் உடன் படிப்பவரின் ஒரு கேள்விக்கு அஞ்சி ஒதுங்கி நின்றார். அப்படியிருக்க, நம் பிள்ளை ஒதுங்கி நின்றால் அது அறிவுக் குறைவு என்றோ, திறமைக் குறைவு என்றோ எப்படி முடிவு கட்டலாம்? ‘எந்த ஊர்? எந்தத் தெரு?’ என்று சுற்றிவளைத்துக் கேட்டுச் சாதியை அறிய முயல்வோர் இன்றும் அடியோடு மறைந்துவிடவில்லை. சங்கத்தில் நாம் அனைவரும் ஒரே பேரேட்டில் பெயர் பதிந்தவர்கள். ஆளுக்கு ஒரு வாக்கு உடையவர்கள். ஒரே வண்டியில் செல்லும் நம் பிள்ளைகளும், எந்தத் தெருவைச் சேர்ந்தவராயினும், கல்லூரியில் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும் என்பதை வீட்டிலேயே நாம் சொல்லியனுப்புதல் வேண்டும்.

பெற்றோர் அறிய வேண்டியவை

கல்லூரியின் நடைமுறை பள்ளியின் நடைமுறை போன்றதன்று. அதை அறியாமையால் விளையும் கேடுகள் சில.

முதலாவது, தேர்வைப் பற்றியது. ‘பெயிலானால் ஓர் ஆண்டு வீண்’ என்பது நம் தலைமுறையினர் அறிந்த கணக்கு. கல்லூரியில் ஆண்டு இரு பருவங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பருவத்தில் தவறிய பாடத்தை ‘அரியர்’ என்பார்கள். அதைப் பின்வரும் பருவத்தில் மீண்டும் எழுதித் தேறலாம். முதற்பருவத்தில் இரண்டொரு பாடம் தவறுவது தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு அரிதன்று. பாடச் சொற்கள் காதுக்குப் பழகச் சில மாதங்கள் ஆகும். ஆகவே முதல் அரியரைக் கேட்டதும், “உனக்காக நாங்கள் படும் பாடு தெரியுமா?” என்று தொடங்கலாகாது. அப்படித் தொடங்கினால் அடுத்த அரியரைப் பற்றி நமக்குத் தெரியவராது.

இரண்டாவது, வருகையைப் பற்றியது. பெரும்பாலான கல்லூரிகளில் நூற்றுக்கு 75 பங்கு நாட்களாவது வகுப்பில் இருந்தால்தான் தேர்வெழுத விடுவார்கள். கரும்பு வெட்டுக்கு நான்கு நாள், பாவு போடுவதற்கு இரண்டு நாள், உறவினர் கல்யாணத்துக்கு மூன்று நாள் என்று நாமே பிள்ளையை நிறுத்திக்கொண்டால், பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

மூன்றாவது, பகடிவதை. மூத்த மாணவர்கள் புதியவர்களைத் துன்புறுத்துவதை ‘விளையாட்டு’ என்று ஒதுக்குவது தவறு. 1996-இல் ஒரு மருத்துவ மாணவர் இத்தகைய கொடுமையில் கொல்லப்பட்டதை அடுத்து, 1997-இல் தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் நிறைவேறிற்று. இக்குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகாரைக் கல்லூரி முதல்வரிடம் எழுத்து மூலம் கொடுக்கலாம். 1800-180-5522 என்ற தேசிய உதவித் தொலைபேசி எண்ணிலும் தெரிவிக்கலாம்.

நான்காவது, மனச்சோர்வு. பிள்ளை தூங்காமலிருப்பது, உணவைத் தவிர்ப்பது, நண்பர்களிடம் பேசாமலிருப்பது, தனக்கு அருமையான பொருள்களை எடுத்துப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்குப் பாரமில்லை’ என்பது போன்ற சொல்லைச் சொல்வது — இவற்றில் எதைக் கண்டாலும் அலட்சியம் செய்யலாகாது. அருகில் அமர்ந்து, கண்டிக்காமல், நேராகக் கேட்க வேண்டும். தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் இரவு பகலாக மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைத்து வருகிறது, தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு மருந்து தேடுவதில் நமக்கு வெட்கமில்லை. மனம் நோயுறும்போது மட்டும் வெட்கம் எதற்கு?

வாரம் ஒரு முறையாவது பிள்ளையோடு தொலைபேசியில் நிதானமாகப் பேசுவது நலம். ‘மார்க் எவ்வளவு?’ என்பதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். ‘யாரோடு சாப்பிட்டாய்?’ என்பது முதற்கேள்வியாக இருக்கட்டும். யாரோடும் இல்லை என்ற பதில் தொடர்ந்து வருமானால், அடுத்த வண்டியில் புறப்பட்டுப் போய்ப் பார்த்து வருவது செலவாகாது.

பணம் வரும் மாதமும் கட்டும் மாதமும்

நம் வீடுகளின் வரவு ஒரு கணக்கில் வருகிறது. கல்லூரியின் தேவை வேறொரு கணக்கில் வருகிறது. கரும்பு நட்டுப் பத்துப் பன்னிரண்டு மாதம் கழித்தே வெட்டுக்கு வரும். வெட்டு பெரும்பாலும் மார்கழி முதல் சித்திரை வரை நடக்கிறது. கல்லூரிக் கட்டணமோ ஆனி, ஆடியில் கட்டியாக வேண்டும். அப்போது கரும்பு வயலில் நிற்கிறது. நெசவாளர் நிலையும் அதுவே. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு விரித்துத் தோய இயலாது. தறி ஓய்ந்து கூலி குறைகிறது. அதே மாதங்களில்தான் முதற்பருவத் தேர்வுக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள்.

இந்த இடைவெளியில்தான் கந்துவட்டிக்காரர் நம் வாயிலுக்கு வருகிறார். மகளின் படிப்புக்கென்று அவசரத்தில் வாங்கிய சிறு கடன், படிப்பு முடிந்து அவள் வேலைக்குச் சென்ற பின்னும் அவள் சம்பளத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

இதைத் தவிர்க்கச் சில வழிகள் ஏற்கெனவே உள்ளன. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பெற்றன. குடும்பத்தில் முதலில் பட்டம் பெறப்போகிறவருக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010–11 முதல் ஏற்பட்டது. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்ச ரூபாய் வரை சொத்து ஈடு வைக்க வேண்டியதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்குகிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று முதலியன உரிய நாளில் கையில் இருக்க வேண்டும். கல்லூரி திறந்த பிறகு சான்றுக்கு அலைவது, தண்ணீர் வந்த பிறகு வாய்க்கால் வெட்டுவது போன்றது. சித்திரையிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

சங்கம் என் செய்யலாம்?

“நூலும் உரமும் கொடுப்பது சங்கத்தின் வேலை, கல்லூரியைப் பற்றி அதற்கென்ன?” என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. இதற்கு நம் இயக்கத்தின் வரலாறே விடை கூறும்.

1904-இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்த ஆண்டிலேயே, அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்த திரூரில் விவசாயிகளும், காஞ்சிபுரத்தில் நகர மக்களும் சங்கம் கண்டனர். வட்டிக்கடையின் பிடியிலிருந்து குடும்பத்தை மீட்பதே அவர்களின் முதல் நோக்கம். இன்று பிள்ளையின் கல்விக் கட்டணத்தின் வழியாக அதே வட்டி நம் வீட்டுக்குள் நுழையுமாயின், அதைத் தடுப்பதும் அதே நோக்கத்தில் அடங்கியதே. கூட்டுறவின் தாயகமெனப் போற்றப்படும் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், 1844-இல் கடை திறந்த முன்னோடிகளுள் பலர் நெசவுத் தொழிலாளர். அவர்கள் பின்னர் தம் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கி, படிப்பகம் நடத்தினார்கள். நம் நாட்டின் 1912-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டமும், நிகர லாபத்தில் நான்கில் ஒரு பங்கைக் காப்பு நிதிக்குச் சேர்த்த பின், மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையைப் பதிவாளர் அனுமதியுடன் தருமக் காரியங்களுக்குக் கொடுக்க இடமளித்தது. கல்வியும் அத்தருமக் காரியங்களுள் ஒன்று. இன்றைய துணைவிதிகள் எதற்கு இடந்தருகின்றன என்பதை அந்தந்தச் சங்கச் செயலாளரிடம் கேட்டறிந்து நிர்வாகக் குழு ஆலோசிக்கலாம்.

பெரும் நிதியில்லாத சங்கமும் செய்யத்தக்க காரியங்கள் நான்கு உண்டு.

ஒன்று: கல்லூரியில் பயிலும் அங்கத்தினர் பிள்ளைகளின் பெயர், கல்லூரி, ஆண்டு, பாடம் இவற்றைக் கொண்ட ஒரு பதிவேடு. எந்தக் கல்லூரியில் நம்மவர் யார் இருக்கிறார் என்பது இதனால் தெரியும்.

இரண்டு: ஆனியில் கல்லூரி திறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டிடத்தில் மூத்த மாணவரையும் புதியவரையும் சந்திக்கச் செய்வது. வண்டி எது, விடுதி எப்படி, ஆங்கிலப் பாடத்தை எப்படிச் சமாளிப்பது, பழைய குறிப்புப் புத்தகம் எவரிடம் உண்டு என்பவற்றைப் பேராசிரியரைவிட இரண்டாமாண்டு மாணவரே நன்கு எடுத்துச் சொல்வார்.

மூன்று: சான்றிதழ்களுக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் விண்ணப்பிக்கும் கடைசித் தேதிகளை அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதி வைப்பது. பல தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் பொதுச் சேவை மையம் இயங்குவதால், விண்ணப்பமும் அங்கேயே அனுப்பலாம்.

நான்கு: கட்டணக் காலத்துக்கும் அறுவடைக் காலத்துக்கும் இடைப்பட்ட மாதங்களுக்கு, விதிகள் அனுமதிக்கும் அளவில், சிறு கடன். இது தானமாக இருக்க வேண்டாம். குறைந்த வட்டியில், கரும்புப் பணத்திலிருந்தோ நெசவுக் கூலியிலிருந்தோ பிடித்துக்கொள்ளும் முறையில் இருந்தால் போதும். வாங்குபவரின் தன்மானமும் சங்கத்தின் நிதியும் ஒருங்கே காக்கப்படும்.

முடிவாக

முன்னர் நாம் கூறிய அந்த இளைஞன் மீண்டும் கல்லூரிக்குச் செல்லவில்லை. இன்று தந்தையோடு கரும்பு பயிரிடுகிறான், நன்றாகவே பயிரிடுகிறான். உழவு இழிவன்று. ஆயினும் அது அவன் விரும்பித் தேர்ந்ததன்று என்பதே நம் வருத்தம். சென்ற ஆனியில் அவன் தெருவைச் சேர்ந்த ஒரு நெசவாளர் மகள் முதலாண்டு சேர்ந்தாள். அவளை வண்டியேற்றிவிடச் சென்ற கூட்டத்தில் அவனும் இருந்தான். “பாடம் புரியாவிட்டால் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடு, தங்கச்சி. பணம் பாக்கி நின்றாலும் சொல்லிவிடு. நாளை சொல்லலாம் என்று இருக்காதே” என்று அவன் கூறியதை அருகிலிருந்து கேட்டோம்.

அவன் சொல்லில் நாம் கூட்ட வேண்டியது ஒன்றே. பிள்ளை சொல்லும்போது கேட்பதற்கு வீட்டில் பொறுமையும், கேட்டபின் செய்வதற்குச் சங்கத்தில் ஓர் ஏற்பாடும் இருக்க வேண்டும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் வரவு செலவைப் பார்வையிட்ட பின்னர், ‘நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கல்லூரியில் சேர்ந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் இன்னும் படிக்கிறார்கள்?’ என்ற இரண்டு கேள்விகளை எழுப்புமாறு அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். இரண்டு எண்ணுக்கும் இடையே வேற்றுமை இருக்குமானால், அது நம் சங்கத்தின் ஐந்தொகையில் ஏறாத நஷ்டம். அதை ஈடுசெய்ய வேண்டியவர்கள் நாமே.